காய்ச்சல் மரமும் வெள்ளைப் பூவும்: கொசு விரட்டிகளின் கொடைக்கானல் கதை

கொடைக்கானல் போய்வந்த வீடு என்றால் அலமாரியில் ஒரு தைலக் குப்பி இருக்கும். சளி பிடித்தால் வெந்நீரில் இரண்டு சொட்டு, முழங்கால் வலித்தால் நாலு சொட்டு. போன ஐப்பசி மழைக்குப் பிறகு நம் குடியிருப்பில் அந்தக் குப்பிக்கு மூன்றாவதாக ஒரு வேலையும் வந்துவிட்டது: கொசு விரட்டுவது. புகை மருந்துக்குச் சங்கம் செலவழிக்கும் பணத்தில் வீட்டுக்கு ஒரு குப்பி தைலம் வாங்கித் தரலாமே என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார். பலர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். "கெமிக்கல் வேண்டாம், இயற்கை போதும்" என்று இன்னொருவர் முடித்துவைத்தார்.

அந்த வரியைப் படித்ததும்தான் இந்த இதழுக்கு எதை எழுதுவது என்று தீர்மானித்தேன். இயற்கை என்று நாம் கையில் எடுக்கும் தைலத்துக்கும், கெமிக்கல் என்று ஒதுக்கும் பிளக் மெஷினுக்கும் கொடைக்கானல் மலையோடு உறவு உண்டு. அந்த உறவைத் தெரிந்துகொண்டால், எதை எங்கே பயன்படுத்துவது என்ற பேச்சு கொஞ்சம் சுலபமாகும்.

முதலில் காய்ச்சல். நம் மதுரைச் சீமையில் 1809, 1810, 1811 ஆகிய மூன்று ஆண்டுகளும் பெரும் விஷக்காய்ச்சல் பரவியது. கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி என்று நாலு சீமையிலும் ஊர் ஊராக மக்கள் படுத்தார்கள். காரணம் கண்டுபிடிக்கச் சென்னை அரசு ஒரு மருத்துவக் குழுவை அனுப்பியது. வில்லியம் ஐன்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி என்று மூன்று மருத்துவர்கள். அவர்களுடைய அறிக்கை 1816-இல் லண்டனில் அச்சானது. அந்தக் காலத்து மருத்துவம் காய்ச்சலைக் காற்றில்தான் தேடியது. தேங்கிய நீரிலிருந்தும் மக்கிய இலைகளிலிருந்தும் ஒரு கெட்ட காற்று கிளம்புகிறது, அதுவே நோய் என்று நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்.

காற்றுதான் காரணம் என்றால் நல்ல காற்றைத் தேடி மேலே போக வேண்டும். கொடைக்கானல் ஊராக ஆனதன் பின்னணி இதுதான். 1821-இல் லெப்டினன்ட் வார்டு பழனி மலையை நில அளவை செய்துவிட்டுப் போனார். 1834-இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் காய்ச்சலிலும் காலராவிலும் பத்தாண்டுகளுக்குள் பலரைப் பறிகொடுத்தார்கள். ஓய்வுக்கு அவர்கள் முதலில் தேர்ந்தெடுத்த இடம் கொடைக்கானல் அல்ல, திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை. அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. சிறுமலை சுமார் 4,000 அடி, கொடைக்கானல் சுமார் 7,000 அடி. 1845-இல் அவர்கள் கொடைக்கானலில் இரண்டு பங்களா கட்டினார்கள். ஒன்றுக்கு சன்னிசைட், மற்றொன்றுக்கு ஷெல்டன் என்று பெயர். அதன்பின் காய்ச்சல் அடங்கியது.

காற்று நன்றாக இருந்ததால் பிழைத்தோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அவர்களைக் காப்பாற்றியது குளிர். மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் சில நாட்கள் வளர்ந்தால்தான் அடுத்த ஆளுக்குப் போகும். வெப்பம் சுமார் 16 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்த வளர்ச்சி நின்றுவிடுகிறது. சிறுமலையில் அந்தக் குளிர் போதவில்லை, கொடைக்கானலில் போதுமான அளவு இருந்தது. காரணம் தெரியாமலே சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள்.

1863-இல் மதுரைக் கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். அதே நூற்றாண்டில்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் நம் மலைகளில் ஏறியது. நீலகிரியில் 1843-இல் காப்டன் காட்டன் நட்டதைத் தொடக்கமாகச் சொல்வார்கள். விறகுத் தேவைதான் முதல் காரணம். ஆங்கிலேயர் வீட்டுக் கணப்புக்குச் சோலைக் காட்டு மரங்கள் போய்க்கொண்டே இருந்தன, அவை வளரவோ பல தலைமுறை ஆகும். யூகலிப்டஸ் பத்தாண்டுக்குள் விறகாகிவிடும்.

விறகோடு இன்னொரு பெயரும் அந்த மரத்துக்கு உலகெங்கும் ஒட்டிக்கொண்டது: காய்ச்சல் மரம். மெல்பர்னில் இருந்த தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் வான் முல்லர் அதன் விதைகளை நாடு நாடாக அனுப்பிவைத்தார். அல்ஜீரியாவில் நட்டார்கள். ரோமுக்குப் பக்கத்தில் திரே ஃபொந்தானே என்ற மடத்தில் டிராப்பிஸ்ட் துறவிகள் 1870-களில் சதுப்பு நிலத்தைச் சுற்றி நட்டார்கள். இலையின் மணம் கெட்ட காற்றை முறிக்கும் என்பது நம்பிக்கை. சில இடங்களில் காய்ச்சல் குறைந்தது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் மணமல்ல. யூகலிப்டஸ் நிலத்து நீரை உறிஞ்சியதால் சதுப்பு வற்றியது, கொசுவுக்கு முட்டையிட இடமில்லாமல் போனது. திரே ஃபொந்தானேயில் மரங்கள் வளர்ந்த பிறகும் காய்ச்சல் திரும்ப வந்தது. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். கெட்ட காற்றின் கதை அதோடு முடிய ஆரம்பித்தது. மரத்துக்குக் கிடைத்த பெயர் மட்டும் முடியவில்லை. இன்றைக்கும் நம் வீட்டில் "தைல வாசனை இருந்தால் நோய் அண்டாது" என்று பெரியவர்கள் சொல்வதில் அந்தப் பழைய நம்பிக்கையின் மிச்சம் இருக்கிறது.

இனி தைலத்துக்கு வருவோம். காய்ச்சும் முறை நூறாண்டாகப் பெரிதாக மாறவில்லை. இலையையும் சிறு குச்சிகளையும் பெரிய இரும்புக் கலத்தில் திணித்து, நீர் விட்டு, மூடி, அடியில் சருகு போட்டு எரிப்பார்கள். ஆவி ஒரு குழாய் வழியாகக் குளிர்ந்த நீருக்குள் போய் இறங்கும். மறுமுனையில் தண்ணீரும் அதன்மேல் மிதக்கும் தைலமுமாக வடியும். நூறு கிலோ இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தைலம். சருகும் ஓடை நீரும் உழைப்பும் மலையிலேயே கிடைப்பதால் இது குடிசைத் தொழிலாக நிலைத்தது.

அந்தத் தைலத்தில் பெரும்பங்கு சினியோல் என்ற ஒரே பொருள். மூக்கடைப்பைத் திறப்பது அதுதான். கொசுவையும் அது விரட்டத்தான் செய்கிறது, ஆனால் சீக்கிரம் ஆவியாகிப் பறந்துவிடுகிறது. கொசு நம்மைக் கண்டுபிடிப்பது நாம் விடும் மூச்சின் கரியமில வாயு, உடல் சூடு, வியர்வை மணம் ஆகியவற்றைக் கொண்டு. தோலின் மேல் வேறொரு ஆவி மெல்லிய திரைபோல் இருக்கும்வரை அது குழம்பும். திரை கலைந்ததும் உட்கார்ந்துவிடும். தைலம் தடவிய பையன் மொட்டை மாடியில் விளையாடப் போகிறான் என்றால், அவன் முதல் ஓவரை முடிக்கும்போது பாதுகாப்பு இருக்கும், ஆட்டம் முடியும்போது இருக்காது.

இந்தக் குறை எல்லா வாசனைத் தைலங்களுக்கும் உண்டு. இலங்கையின் தென்பகுதியில் விளைந்த சிட்ரோனெல்லாப் புல்லின் தைலம் ஒரு காலத்தில் உலகச் சந்தையில் பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய ராணுவத்தில் சிட்ரோனெல்லா, கற்பூரம், பாரஃபின் மூன்றையும் கலந்து சிப்பாய்களுக்குத் தடவக் கொடுத்தார்கள். பாரஃபின் சேர்த்ததே தைலம் தோலில் கொஞ்சம் தங்கட்டும் என்பதற்காகத்தான். 1946-இல் அமெரிக்க ராணுவம் டீட் என்ற செயற்கைப் பொருளை உருவாக்கியது. பல மணி நேரம் நின்றதால் மற்றதெல்லாம் ஒதுங்கின. நம் நாட்டில் 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெயில் இரண்டு சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து பூசியவர்களை மலேரியா பரப்பும் கொசு இனங்கள் 12 மணி நேரம் கடிக்கவில்லை என்று மலேரியா ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். பிற ஊர்களில் சோதித்தவர்களுக்கு அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை. எண்ணெய், கொசு இனம், ஆளின் வியர்வை எல்லாமே இடத்துக்கு இடம் மாறும் சமாச்சாரங்கள்.

மலையிலும் சமவெளியிலும் பார்க்கக் கிடைக்கும் இன்னொரு யூகலிப்டஸ் உண்டு. இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம் வரும். அதில் சினியோல் குறைவு, சிட்ரோனெல்லால் அதிகம். சீனாவில் பாரம்பரிய மூலிகைகளை வரிசையாகச் சோதித்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். இந்த இலையில் வடித்த தைலத்தைவிட, வடித்த பின் கலத்தில் மிஞ்சிய கழிவு கொசுவை நெடுநேரம் விரட்டியது. அந்தக் கழிவில் இருந்த பொருளுக்குச் சுருக்கமாகப் பி.எம்.டி. என்று பெயர். எளிதில் ஆவியாகாது, அதனால் தோலில் தங்கும். இலையில் இயற்கையாக இருப்பது மிகக் கொஞ்சம்தான். தைலத்தை அமிலத்தோடு சேர்த்துப் பக்குவப்படுத்தினால் சிட்ரோனெல்லால் பெருமளவு பி.எம்.டி.யாக மாறிவிடும். 2000-இல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இதைக் கொசு விரட்டியாகப் பதிவு செய்தது. 2005 முதல் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் டீட்டோடு சேர்த்து இதையும் பரிந்துரைக்கிறது. 30 சதவீதக் கலவை ஏறக்குறைய ஆறு மணி நேரம் நிற்கும். கவனியுங்கள், இது வடித்த பச்சைத் தைலம் அல்ல. இரண்டுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இணையத்தில் வாங்குபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஆக, நன்றாக வேலை செய்யும் "இயற்கை" விரட்டி ஆலையில் அமிலத்தில் ஊறித்தான் வருகிறது.

மறுபக்கம் "கெமிக்கல்" எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இங்கேதான் வெள்ளைப் பூ வருகிறது.

பைரெத்ரம் சாமந்தி இனத்துச் செடி. மஞ்சள் நடுவும் வெள்ளை இதழுமாக இருக்கும். பூவைக் காயவைத்துப் பொடித்தால் பூச்சிகளைக் கொல்லும், மனிதருக்கு அவ்வளவாகத் தீங்கில்லை. சொந்த ஊர் ஐரோப்பாவின் டால்மேஷியக் கடற்கரை. ஜப்பானில் எயிச்சிரோ உயேயாமா என்பவர் 1890-இல் இந்தப் பொடியை ஊதுவத்தியாக உருட்டினார். குச்சி சீக்கிரம் எரிந்து தீர்ந்ததால், சுருளாக்கினால் இரவெல்லாம் எரியுமே என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவி யூகி. 1902 முதல் கொசுவர்த்திச் சுருள் கடைக்கு வந்தது. உலகெங்கும் ஆண்கள் பெயரில் இருக்கும் கண்டுபிடிப்புகளில் எத்தனைக்குப் பின்னால் இப்படி ஒரு அம்மாள் இருக்கிறாரோ.

தமிழ்நாட்டிலேயே இந்தப் பூவுக்கு ஒரு பெரிய பரீட்சை நடந்தது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்து பட்டுக்கோட்டைப் பக்கம் புதிதாகக் கால்வாய் நீர் வந்தது. நெல்லோடு மலேரியாவும் விளைந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸலும் அவருடைய கூட்டாளி நைப்பும் 1938 முதல் பட்டுக்கோட்டை வட்டத்துக் காசாங்காடு போன்ற இடங்களில் வீடு வீடாக, வாரந்தோறும், மண்ணெண்ணெயில் கலந்த பைரெத்ரம் சாற்றைத் தெளித்துப் பார்த்தார்கள். அதுவரை கொசுப் புழுவை ஒழிப்பதில்தான் எல்லாரும் குறியாக இருந்தார்கள். வீட்டுச் சுவரில் உட்காரும் பெரிய கொசுவைக் கொன்றாலே நோய் குறையும் என்பதற்கு நம் தஞ்சைக் கிராமங்கள் சாட்சியாயின.

பிறகு உலகப் போர் வந்தது. பைரெத்ரம் பூவை அதிகம் விளைவித்த ஜப்பான் எதிரணியில் நின்றது. கென்யா கைகொடுத்தது. இந்தியாவிலும் குளிர்ந்த மலைகளைத் தேடிப் பயிரிட்டார்கள். காஷ்மீர், நீலகிரி, நம் கொடைக்கானல் மலை ஆகிய இடங்களில் இந்தப் பூ விளைந்தது. குளிர் பட்டால்தான் நன்றாகப் பூக்கும் செடி அது. ஆனால் போர் முடிவதற்குள் டி.டி.டி. வந்துவிட்டது. ஒரு முறை சுவரில் அடித்தால் மாதக்கணக்கில் நின்றது. வெயில் பட்டால் சில மணி நேரத்தில் சிதைந்துபோகும் பூச்சாறு அதோடு போட்டி போட முடியவில்லை. கொடைக்கானலின் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு என்று யாரும் சொல்வோம். இந்த வெள்ளைப் பூவை யாரும் சொல்வதில்லை.

பூ மறைந்தாலும் அதன் வாரிசுகள் மறையவில்லை. பூவில் இருக்கும் பொருளின் வடிவத்தைப் பார்த்து 1949-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை வேதியியலாளர்கள் அலெத்ரின் என்ற செயற்கைப் பொருளைச் செய்தார்கள். நாம் ஒரு காலத்தில் நீல நிற மேட் வைத்து சூடேற்றினோமே, அதில் இருந்தது அந்தக் குடும்பம்தான். இன்றைக்குப் பிளக்கில் செருகும் திரவ பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். பிராலெத்ரின் அல்லது டிரான்ஸ்ஃப்ளுத்ரின் என்று போட்டிருக்கும். எல்லாம் அந்த வெள்ளைப் பூவின் பேரன் பேத்திகள். டெங்கு வந்த வீட்டுக்குள் சுகாதாரப் பணியாளர் வந்து கைப்பம்பில் தெளிக்கும் மருந்துக்கோ பூவே நேரடி மூலம்: இரண்டு சதவீதப் பைரெத்ரம் சாறு ஒரு பங்கு, மண்ணெண்ணெய் 19 பங்கு. ரஸ்ஸல் பட்டுக்கோட்டையில் செய்ததேதான் இன்னும் நடக்கிறது.

இதற்குள் யூகலிப்டஸ் மலையில் என்ன செய்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டிலும், காகிதக் கூழுக்கும் விறகுக்குமாக யூகலிப்டஸும், கூடவே பைனும் மேற்குமலை முழுவதும் அரசாலேயே நடப்பட்டன. நட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. வெறும் புல்தானே, வீண் நிலம் என்று கணக்கில் எழுதிவிட்டார்கள். மழையைப் பஞ்சுபோல் பிடித்துவைத்து ஓடையாக விடுவது அந்தப் புல் என்பது எந்தக் கணக்கிலும் வரவில்லை. பழனி மலைப் புல்வெளியில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ரோமில் சதுப்பை உறிஞ்சிய அதே குணம் இங்கே ஓடையை உறிஞ்சியது. அந்த ஓடைகள் நம் வைகையிலும் பழனிப் பக்கத்து ஆறுகளிலும் வந்து சேர்பவை. கோடையில் நாம் லாரித் தண்ணீருக்கு டோக்கன் போடும்போது மலை நினைவுக்கு வருவதில்லை. இருக்கிற மரத்தின் இலையில் தைலம் காய்ச்சுவதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. இயற்கைத் தைலம் வேண்டும் என்று இன்னும் நடு என்பதில்தான் ஆட்சேபம்.

தைலத்துக்காகவே பயிரிடுவதானால் ஜெரேனியம் இருக்கிறது. கொடைக்கானல் மலையில் விவசாயிகள் சிறு அளவில் இதைப் பயிரிட்டு வந்திருக்கிறார்கள். இடுப்பளவுகூட வளராத செடி, ரோஜா மணம், சோப்புக்கும் அத்தருக்கும் போகிறது. அதன் தைலத்தில் உள்ள ஜெரானியாலும் சிட்ரோனெல்லோலும் கொசுவுக்கு ஆகாதவை. விலைதான் அதிகம், கொசுவுக்காக யாரும் வாங்கமாட்டார்கள்.

இனி நம் வீட்டு விஷயம். தைலத்தைத் தோலில் தடவுவதானால் தேங்காய் எண்ணெயில் சில சொட்டு கலந்து, அரை மணிக்கு ஒரு தரம் புதுப்பிப்பதாக இருந்தால் தடவுங்கள். கைக்குழந்தைக்கு வேண்டாம். பி.எம்.டி. விரட்டிகூட மூன்று வயதுக்குக் கீழ் கூடாது என்றுதான் லேபிளில் போடுகிறார்கள். தைலக் குப்பியைக் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் ஒரு சின்னக் கரண்டி அளவே வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும், அதனால் குப்பிக்கு மேல்தட்டுதான் இடம். காலியான பிளக் பாட்டிலில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் நிரப்பும் யோசனை குழுவில் இரண்டு முறை சுற்றியது. அந்தச் சூடேற்றி மெல்லிய திரவத்துக்காகச் செய்தது. கெட்டி எண்ணெய் திரியை அடைக்கும், கற்பூரமோ தீப்பற்றும் சரக்கு. தயவுசெய்து வேண்டாம். நொச்சி வளர்ப்பவர்கள் வளருங்கள். சென்னை மாநகராட்சியே சில ஆண்டுகளுக்கு முன் நொச்சிக் கன்று வழங்கியது. ஆனால் சும்மா நிற்கும் செடியிலிருந்து ஆவி அதிகம் வராது. பாட்டிமார் இலையைத் தணலில் போட்டுப் புகை காட்டியது அதனால்தான். அந்தப் புகை மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

டெங்குக் கொசு பகலில் கடிப்பது. சாயங்காலம் நாம் தைலம் தடவுவதற்கும், இருட்டிய பிறகு பிளக் போடுவதற்கும் முன்பே அது தன் வேலையை முடித்திருக்கும். அதன் முட்டை காய்ந்த தொட்டி ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு இருந்து, மழை பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவிக் கவிழ்க்கும் தொட்டியில் கொசு வராது. போன மாதம் நானும் இன்னும் மூன்று பேரும் ஏ, பி இரண்டு பிளாக்கும் ஏறி இறங்கினோம். புழு இருந்த இடங்கள் இவை: ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஏசி தண்ணீர் விழும் வாளி, மணி பிளான்ட் வைத்த கண்ணாடிப் பாட்டில், மாடியில் மூடி உடைந்த ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் புது மூடி போட்டாகிவிட்டது. புகை மருந்துச் செலவை நிறுத்துவதா வேண்டாமா என்பதைப் பொதுக்குழுவில் பேசிக்கொள்ளலாம். சி பிளாக் இன்னும் பார்க்கவில்லை. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போகிறோம். கூட வர இரண்டு பேர் தேவை, விருப்பமுள்ளவர்கள் அலுவலகப் பதிவேட்டில் பெயர் எழுதிவைக்கவும். டார்ச் லைட் கொண்டுவந்தால் நல்லது.